பள்ளி

மணவூர் ரயிலடியில் புத்தகப்பை சுமந்து நிற்கும் பிள்ளையைக் கேட்டால் 'ஸ்கூலுக்குப் போறேன்' என்பான். 'பள்ளி' பெயர்ப்பலகையில்தான் இருக்கும். அதன் பழைய பொருள் படுக்கை. பள்ளியறை, பள்ளியெழுச்சி இரண்டிலும் தூக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சமண முனிவர்கள் தங்கிய இடமும் பள்ளியே. குகைத் தரையில் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகளை இன்றும் பார்க்கலாம். அங்கே பாடமும் நடந்ததால் சொல் கல்விக்கு நகர்ந்தது என்பார்கள். வகுப்பில் கண்ணயர்பவனுக்கு நல்ல சாக்கு! ஏதென்ஸில் பிளேட்டோ கற்பித்த தோப்பின் பெயர் 'அகாடமி' ஆனதும் இப்படித்தான்.

ஊர்ப்பெயர்களிலும் 'பள்ளி' உண்டு. 1888இல் மணவூருக்குப் பக்கத்துத் திருத்தணியில் பிறந்த, குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணனின் பெயரிலுள்ள 'சர்வபள்ளி' நெல்லூர்ப் பக்கத்து ஊர்ப்பெயர். தெலுங்கில் 'பல்லெ' என்றால் சிற்றூர். தமிழ்ப் 'பள்ளி'க்கும் அந்தப் பொருள் உண்டு.