சுவருக்குள் இருந்த நீலச் சோடி

2021ஆம் ஆண்டு, பெருந்தொற்றினால் பாடசாலைகள் பூட்டிக் கிடந்த காலம். என் பேத்தி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்புகள் யாவும் கணினித் திரையில். பௌதிகவியல் ஆசிரியர் சமன்பாட்டின் பாதியில் நிற்கும்போது படம் உறைந்துவிடும். மூன்று மாதங்கள் நாங்கள் இணைய நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தோம். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏனெனில் பிழை அவர்களுடையதன்று. எங்கள் வீட்டுச் சுவரினுள் இருந்தது. அதன் வேரைத் தேடிப் போனால் அமெரிக்கத் தொலைபேசி வரலாற்றில் போய் நின்றது என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கண்டி வீடுகளின் அமைப்பை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். ஹந்தானைச் சரிவில் உள்ள எங்கள் வீட்டைப் போன்றவற்றில் வாசல் தெருமட்டத்தில் இருக்கும். அறைகள் கீழ்நோக்கி இறங்கும். கீழ்த்தட்டு அறையின் ஒரு பக்கம் மலை மண்ணே சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கும். கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமான அந்தத் தடித்த சுவர்களை வைஃபை அலை ஊடுருவுவதில்லை. எனவே மேலே இருந்த ரவுட்டரிலிருந்து கீழறைக்கு ஏறக்குறைய நாற்பது மீற்றர் ஈதர்நெட் கேபிள் இழுத்து, இரு முனைகளிலும் சுவர்ச் சொக்கட் பொருத்தச் செய்தேன். வேலைக்கு வந்த தம்பி கெட்டிக்காரன். சோதனைக் கருவியை மாட்டிக் காட்டினான். ஒன்று முதல் எட்டு வரை பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. "எல்லாம் சரி, சேர்" என்றான். நானும் நம்பினேன்.

கண்டியில் இளம் நிருபராக நான் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் கறுப்பு நிறத் தொலைபேசி ஒன்றுதான் இருந்தது. அதன் வயர் சுவரில் திருகாணியால் இறுக்கப்பட்ட சிறு வட்டப் பெட்டிக்குள் நேராகப் போய் மறையும். பிளக்கும் இல்லை, சொக்கட்டும் இல்லை. கருவி மட்டுமல்ல, பெட்டி, வயர், திருகாணி எல்லாமே திணைக்களத்துச் சொத்து. கொழும்புக்குச் செய்தி வாசிக்க ட்ரங்க் கோல் பதிவு செய்து, மணி ஒலிக்குமா என்று அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்த மாலைகள் எத்தனை! கோளாறு என்றால் திணைக்களத்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை நான் திருகாணியைக் கழற்றிப் பார்த்ததற்கு எங்கள் பத்திராதிபர் என்னை ஒரு குற்றவாளியைப் போல நடத்தினார்.

இது நம் நாட்டின் விசித்திரம் அன்று. பிரித்தானியாவில் கழற்றி மாட்டக்கூடிய தொலைபேசிச் சொக்கட் 1981இல்தான் பொதுவழக்குக்கு வந்தது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் கார்டர்ஃபோன் தீர்ப்பு, தொலைபேசி நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத கருவியையும் அதன் கம்பியில் இணைக்கலாம் என்று வழி திறந்தது. அதன் தொடர்ச்சியாக 1970களில் பதிவுபெற்ற சொக்கட் வகைகள் பிறந்தன. ஆர்ஜே என்ற எழுத்துகளின் மூலம் அதுவே. இலங்கையில் தொலைத்தொடர்புத் திணைக்களம் 1991இல் கூட்டுத்தாபனமாகி, 1996இல் கம்பனியாகி, 1997இல் ஜப்பானின் என்டிடி நிறுவனம் அதன் 35 வீதப் பங்குகளை வாங்கியது. அதற்கிடையில் சுவரிலிருந்த வட்டப் பெட்டி சதுரப் பெட்டியாயிற்று. அதைத் தொடும் உரிமை நமக்கு வந்தது. அதனுள் பிழை விடும் உரிமையும் கூடவே வந்தது.

இனி அந்தப் பிழை. தொலைபேசிக்கு இரண்டு கம்பிகள் போதும். அவை சொக்கட்டின் நடுவில் இருக்கும். இரண்டாவது தொலைபேசி வேண்டுமானால் அதன் சோடி, முதல் சோடியின் இருபுறமும் ஒவ்வொன்றாக நிற்கும். எட்டு ஊசிச் சொக்கட்டில் எண்ணினால் 4உம் 5உம் முதல் சோடி. 3உம் 6உம் இரண்டாம் சோடி. 1980களில் ஏடி அண்ட் டி நிறுவனத்தார் அலுவலகத் தொலைபேசிக் கம்பிகளிலேயே கணினித் தரவையும் அனுப்ப முயன்றபோது, நடுச் சோடியைத் தொலைபேசிக்கே விட்டுவிட்டு 1, 2, 3, 6 ஆகியவற்றை எடுத்துக்கொண்டார்கள். முறுக்குக் கம்பியில் ஓடும் ஈதர்நெட்டுக்கு 1990இல் வந்த தரநிர்ணயமும் அதையே ஏற்றது. 1991இல் கட்டடக் கம்பியமைப்புக்கான அமெரிக்கத் தரம் வெளிவந்து, ஏ, பி என்னும் இரு நிற ஒழுங்குகள் நிலைத்தன. இரண்டிலும் நீலச் சோடி நடுவில்தான். செம்மஞ்சளும் பச்சையும் மட்டுமே இடம் மாறும்.

கம்பிகளைச் சோடி சோடியாக முறுக்குவது அழகுக்காக அன்று. ஒரு சோடி மற்றதன் மீது ஏற்படுத்தும் இரைச்சலை அந்த முறுக்கே அழிக்கிறது. 3ஆம் ஊசியும் 6ஆம் ஊசியும் வெவ்வேறு சோடிகளைச் சேர்ந்தால் முறுக்கின் பயன் போய்விடும். ஆனால் சாதாரணச் சோதனைக் கருவிக்கு அது தெரியாது. கம்பி முனைக்கு முனை போய்ச் சேர்கிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. ஆகவே எட்டு விளக்குகளும் எரியும். குறுகிய தூரத்தில் இணைப்பு ஓரளவு ஓடவும் செய்யும். நாற்பது மீற்றரில் திணறும்.

எங்கள் வீட்டில் நிகழ்ந்தது இதுவே. மலிவு என்று நான் வாங்கிக் கொடுத்த சொக்கட்டில் நிறக்குறிகள் இல்லை. எண்கள் மட்டும் இருந்தன. தம்பி செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம் என்று சோடிகளை அடுத்தடுத்து, இரு முனைகளிலும் ஒரே மாதிரி ஒழுங்காக அடுக்கியிருந்தான். கண்டுபிடித்தவர், திணைக்களக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓய்வுபெற்ற என் நண்பர். மூடியைக் கழற்றியதும் சிரித்தார். "நீலம் நடுவுல இருக்கணும். பச்சை அதைத் தாண்டி நிக்கணும். டெலிபோன் காலத்து வழக்கம் இன்னும் போகல" என்றார்.

குறியீடு தெளிவாக அச்சிட்ட புதிய சொக்கட் இரண்டு வாங்கி வந்தோம். அவரிடம் பழைய குரோன் கருவி இருந்தது. ஈயப்பற்று, திருகாணி, தோலுரித்தல் மூன்றும் இன்றிக் கம்பியைப் பொருத்தும் அந்த முறை ஜெர்மனியில் பிறந்தது. முறுக்கைப் பதின்மூன்று மில்லிமீற்றருக்கு மேல் அவிழ்க்காதே என்று எச்சரித்தபடியே அழுத்தினார். கீழறைச் சொக்கட்டை மண் பக்கச் சுவரிலிருந்து எடுத்து உட்சுவருக்கு மாற்றச் சொன்னதும் அவரே. மழைக்கால ஈரத்தில் அதன் தொடுமுனைகள் பாசிப்பச்சையாகத் தொடங்கியிருந்தன. மின்சார வயர் போகும் குழாயினுள் இதையும் திணிக்காதே என்றார். தோட்டத்து அறைக்கும் இழுக்கலாமா என்று கேட்டேன். ஏப்ரல் மாதத்து இடிமின்னலை நினைவூட்டி, வெளியே போவதென்றால் கண்ணாடியிழைதான் என்று முடித்துவிட்டார்.

ஏயா பியா எது சிறந்தது என்றும் கேட்டேன். இரு முனையும் ஒன்றாக இருந்தால் போதும் என்றார். முனைக்கு ஒன்றாக மாறிப்போனாலும் இக்காலத்துக் கருவிகள் பெரும்பாலும் தாமே சமாளித்துக்கொள்ளும். சோடி பிரிந்தால்தான் சமாளிக்க முடியாது.

பேத்தி மறுநாள் காலை ஏழு மணி வகுப்பில் அமர்ந்தாள். ஒன்பது மணிக்குத் தேநீரோடு போனேன். ஆசிரியர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். வேலை செய்த தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கூலியில் பாதியைத் திருப்பித் தர வந்தான். வாங்கவில்லை. அந்தச் சொக்கட்டை வாங்கிக் கொடுத்தவன் நான்தானே.