துளையைத் திருத்துவதா, பிஸ்டனை நெகிழவிடுவதா? கசிவுத் தடுப்பின் வரலாற்றில் இரு வழிகள்

ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கைச் சிலிகோன் சீலன்ட் கொண்டு அடைப்பவர்கள், வேலை முடிந்ததும் காலிக் குழாயை, அதாவது கார்ட்ரிட்ஜை, குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதன் அடிப்பக்கத்தில் கிண்ணம் போல ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். குழாயை மாட்டிப் பசையைப் பிழியும் கன்னின் தண்டு அதைத் தள்ளும், அது பசையைத் தள்ளும். அதுதான் பிஸ்டன். கடை அலமாரியில் கிடக்கும் மாதங்களில் அது பசையைக் காற்றின் ஈரத்திலிருந்து காக்க வேண்டும். பிறகு ஒரே ஒருமுறை, முன்னோக்கி மட்டும், குழாயின் உட்சுவரில் ஒட்டியதை வழித்துக்கொண்டு நகர வேண்டும். அப்போது தன் பின்பக்கம் ஒரு துளியும் கசியவிடக் கூடாது.

தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் நீராவி எந்திரத்துக்கு அத்தியாயங்களை ஒதுக்குகின்றன. அதன் உருளைக்குள் கசிவை அடைத்த பொருளுக்கு ஒரு பத்தி கிடைப்பதே அரிது. இது பெரிய குறை. உருளைக்குள் எதையாவது தள்ளும் கருவி எதுவானாலும், உருளைக்கும் பிஸ்டனுக்கும் இடையிலுள்ள இடைவெளியை என்ன செய்வது என்ற கேள்விக்கு அது முதலில் விடை சொல்லியாக வேண்டும். மனிதர்கள் சொன்ன விடைகள் இரண்டு. ஒன்று, துளையையும் பிஸ்டனையும் துல்லியமாகக் கடைந்து இடைவெளியையே இல்லாமல் செய்வது. மற்றொன்று, துளை எப்படியிருந்தாலும் பிஸ்டனின் விளிம்பு அதற்கேற்ப வளைந்துகொடுக்கும்படி செய்வது. இன்றைய கார்ட்ரிட்ஜ் பிஸ்டன் இரண்டாவது வழியில் வந்தது. அந்த வழியின் தடத்தை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

முதல் வழி மிகப் பழையது. அலெக்சாண்டிரியாவின் டெசிபியஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அமைத்த நீரிறைக்கும் கருவியை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலின் பத்தாம் பகுதியில் விவரிக்கிறார். அதன் பிஸ்டன்கள் கடைசல் பிடித்து எண்ணெய் பூசப்பட்டவை. எண்ணெய் உராய்வைக் குறைத்ததோடு மிச்சமிருந்த மெல்லிய இடைவெளியையும் நிரப்பியது. தண்ணீருக்கு இது போதும். காற்றுக்குப் போதாது. 1659இல் ராபர்ட் பாயிலுக்காக ராபர்ட் ஹூக் செய்துகொடுத்த காற்றுப் பம்பில் பிஸ்டனைச் சுற்றிப் பதனிட்ட தோல் பொருத்தப்பட்டது. அதன் மேல் எண்ணெயும் விடப்பட்டது. வெற்றிடம் பற்றிய பாயிலின் புகழ்பெற்ற சோதனைகள் ஒரு தோல்துண்டின் இறுக்கத்தை நம்பித்தான் நடந்தன.

1712இல் டட்லி கோட்டை அருகே தாமஸ் நியூகோமன் நிறுவிய நீராவி எந்திரத்தின் உருளை 21 அங்குல விட்டம் கொண்டது. அத்தனை பெரிய துளையைச் சீராகக் குடையும் கருவி அன்று இல்லை. எனவே அவர் பிஸ்டனுக்குத் தோல் விளிம்பு வைத்து, அதன் மேல் தண்ணீரைத் தேக்கினார். ஜேம்ஸ் வாட்டால் அப்படிச் செய்ய முடியவில்லை. அவருடைய உருளை எப்போதும் சூடாக இருக்க வேண்டும் என்பதால், தேங்கிய நீர் ஆவியாகி வெப்பத்தைத் தின்றுவிடும். தக்கை, சணல், காகித அட்டை, பழைய தொப்பிகளின் கம்பளம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அவர் அடைத்துப் பார்த்தார். தீர்வு வெளியிலிருந்து வந்தது. பீரங்கிக் குழல் குடைவதற்கு 1774இல் காப்புரிமை பெற்ற ஜான் வில்கின்சன், அடுத்த ஆண்டே உருளைகளைக் குடையும் எந்திரத்தையும் அமைத்துவிட்டார். துளை திருந்தியது, வாட்டின் எந்திரமும் ஓடியது. பாடநூல்கள் பெரும்பாலும் இந்த வெற்றியோடு நின்றுவிடுகின்றன. ஆனால் திருந்திய அந்தத் துளைக்குள்ளும் சணலும் கொழுப்பும் திணித்த பிஸ்டனே ஓடியது என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாம் வழியின் உண்மையான திருப்பம் அதன் பின் இருபது ஆண்டுகளில் லண்டனில் நிகழ்ந்தது. ஜோசப் பிராமா 1795இல் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கொள்கையளவில் அது எளிது. நடைமுறையில் அழுத்தம் ஏறஏறத் தண்டின் ஓரமாக நீர் பீய்ச்சியடித்தது. கசிவை நிறுத்த அடைப்பை இறுக்கினால், அழுத்தம் நீங்கிய பிறகும் தண்டு திரும்பி வர மறுத்தது. இந்த முட்டுக்கட்டையை நீக்கியவர் பிராமாவின் பட்டறையில் பணியாற்றிய இளைஞர் ஹென்றி மாட்ஸ்லே என்று ஜேம்ஸ் நாஸ்மித் கூறியிருக்கிறார். பிற்காலத்தில் மாட்ஸ்லேயிடம் வேலை செய்தவர் நாஸ்மித். மாட்ஸ்லே செய்தது இதுதான்: தோல் வளையம் ஒன்றை மடித்து, அதன் குழிவான பக்கம் நீரை நோக்கும்படி பொருத்தினார். அழுத்தமுள்ள நீர் அந்தக் குழிக்குள் புகுந்து, வளையத்தின் உதடுகளை இருபுறமும் உலோகத்தின் மீது தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் அடைப்பும் இறுகும். அழுத்தம் நீங்கினால் தோல் தளரும், தண்டு வழுக்கிக்கொண்டு திரும்பும்.

கசியப் பார்க்கும் திரவத்தையே கசிவுக்குக் காவலாக நிறுத்திய இந்த யோசனை வில்கின்சனின் குடைவு எந்திரத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. என் கணிப்பில் அதைவிட நீண்ட ஆயுள் கொண்டது. சைக்கிள் பம்பின் வாசரில் இன்றும் அது வேலை செய்கிறது. தண்டைக் கீழே அழுத்தும்போது தோல் கிண்ணம் விரிந்து குழாயோடு ஒட்டும், மேலே இழுக்கும்போது சுருங்கிக் காற்றை உள்ளே விடும். வாசர் காய்ந்துபோனால் தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைக்கும் கடைக்காரர், பாயிலின் தோலுக்கு நேர்ந்த அதே சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

தோலின் பலவீனம் அதுதான். காயும், அழுகும், கொதிநீரில் விறைத்துச் சுருங்கும். மருந்தூசியின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1853இல் லியோன் நகரின் பிரவாஸும் எடின்பரோவின் அலெக்சாண்டர் வுட்டும் தனித்தனியே ஊசிக்குழலைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அந்த நூற்றாண்டில் ஊசிக்குழல்களின் பிஸ்டனில் பரவலாகத் தோலே இருந்தது. நுண்ணுயிர்க் கொள்கை வலுப்பெற்று, கருவிகளைக் கொதிக்கவைப்பது கட்டாயமானபோது தோலின் காலம் முடிந்தது. மருத்துவம் மீண்டும் முதல் வழிக்குத் திரும்பியது. 1890களில் பாரிஸின் லூயர் நிறுவனம் முழுக்கக் கண்ணாடியாலான ஊசிக்குழலைக் கொண்டுவந்தது. கண்ணாடித் தண்டைக் கண்ணாடிக் குழலுக்குள் அரைத்துப் பொருத்தும் அந்த வேலைப்பாட்டில், ஒரு குழலின் தண்டு இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதனால் ஒவ்வொரு சோடிக்கும் ஒரே எண்ணைப் பொறித்தார்கள். துல்லியத்தின் உச்சம் அது, அதன் எல்லையும் அதுவே. கொதிநீர்ப் பாத்திரத்தில் குழல்களும் தண்டுகளும் கலந்துவிட்டால் எண் பார்த்துச் சேர்க்க வேண்டியிருந்தது.

இந்த நெருக்கடியிலிருந்து மீள வழிசெய்தது ரப்பர். 1844இல் சார்லஸ் குட்இயர் காப்புரிமை பெற்ற கந்தகமேற்றும் முறையால், வெயிலில் உருகாத, குளிரில் எளிதில் விறைக்காத ரப்பர் கிடைத்தது. ஆனால் அதை ஒரு கார்ட்ரிட்ஜின் பிஸ்டனாக்கும் யோசனை வர முதல் உலகப் போர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவர் ஹார்வி குக், துப்பாக்கித் தோட்டாவைப் பார்த்து, உணர்விழப்பு மருந்தையும் ஒரு வேளைக்கான அளவில் முன்கூட்டியே அடைத்து வைக்கலாமே என்று எண்ணினார். கண்ணாடிக் குழாயைத் துண்டுதுண்டாக வெட்டி, பென்சில் முனை ரப்பரைப் பிஸ்டனாகச் செருகினார் என்று பல் மருத்துவ வரலாறுகள் பதிவு செய்கின்றன. சாதாரணக் கண்ணாடிக் குழாய், அரைத்துத் துல்லியமாக்கப்படாதது. ரப்பர் வளைந்துகொடுத்ததால் துல்லியம் தேவைப்படவில்லை. லூயரின் எண்ணிட்ட சோடிகளுக்கு நேர் எதிரான கருவி இது. எந்த ரப்பரும் எந்தக் குழாய்க்கும் பொருந்தும், ஒருமுறை பயன்படுத்தித் தூர எறியலாம்.

இதே மாற்றம் நம் ஊர் அடிபம்பிலும் நிகழ்ந்தது. 1970களில் யுனிசெஃப் முயற்சியில், சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் க்ருடாஸ் நிறுவனத்தின் பங்களிப்போடு உருவான இந்தியா மார்க் 2 பம்பின் பிஸ்டனில் தோல் வாசர்களே இருந்தன. ஆழ்துளைக் கிணற்றின் அடியில் அவை தேய்ந்தால், குழாய் முழுவதையும் மேலே தூக்க வண்டியும் ஆட்களும் வர வேண்டும். அதுவரை ஊர்ப்பெண்கள் அடுத்த ஊருக்குக் குடம் சுமந்தார்கள். 1980களில் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் கோவை வட்டாரத்தில் நடத்திய களச் சோதனையில் தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாசர்கள் போட்டுப் பார்க்கப்பட்டன. அவை அதிக காலம் உழைத்தன. குழாயைப் பிடுங்காமலே பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கக்கூடிய மார்க் 3 வடிவமும் அந்தச் சோதனைகளின் விளைவே. ஒரு கிராமத்தின் குடிநீர் ஒரு வாசரின் மூலப்பொருளைச் சார்ந்திருந்தது என்பதைச் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி சீலன்ட் குழாய்க்கு வருவோம். அதைச் சாத்தியமாக்கியவை இரண்டு பாலிஎதிலீன்கள். இங்கிலாந்தின் ஐசிஐ ஆய்வகத்தில் 1933இல் தற்செயலாகக் கிடைத்தது அடர்த்தி குறைந்த, மென்மையான வகை. 1953இல் ஜெர்மனியின் கார்ல் சீக்லர் கண்டறிந்த வினையூக்கிகளால் கிடைத்தது அடர்த்தி கூடிய, விறைப்பான வகை. குழாயை விறைப்பானதிலும், பிஸ்டனை மென்மையானதிலும் வார்ப்பது வழக்கமாயிற்று. பசைகள் எளிதில் ஒட்டிக்கொள்ளாத பரப்பு இரண்டுக்கும் உண்டு.

அச்சில் வார்த்த குழாயில் வில்கின்சனின் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. அச்சிலிருந்து கழன்று வர, உட்புறம் மிகச் சிறிதளவு சரிவாக இருக்க வேண்டும். பின்வாய் சற்று அகலமாகவும், மூக்குப் பக்கம் சற்றுக் குறுகலாகவும் இருக்கும். பிஸ்டன் மாதக்கணக்கில் காத்திருப்பது அகலமான பக்கத்தில், அதாவது பிடிப்பு மிகக் குறைந்த இடத்தில். மென்பிளாஸ்டிக்கோ நீண்ட நாள் அழுந்திக் கிடந்தால் மெல்லத் தன் திரும்பு விசையை இழக்கும். தொடக்கத்திலேயே மிக இறுக்கமாகச் செய்தால், குறுகலான முனையை அடையும்போது கன்னை அழுத்தும் விரல் வலிக்கும், பசை விட்டுவிட்டு வெளிவரும். இந்த இரண்டு முனைகளுக்கும் ஒரே துண்டு பிளாஸ்டிக் ஈடுகொடுக்க வேண்டும். அதனால்தான் வடிவமைப்பாளர் மாட்ஸ்லேயிடமே திரும்புகிறார். காத்திருக்கும்போது மெல்லிய உதடு லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். தள்ளும்போது பசையின் அழுத்தம் உதட்டை விரித்துச் சுவரோடு சேர்க்கும். அழுத்தத்தில் குழாயே சற்றுப் புடைக்கும், அதையும் உதடு பின்தொடர வேண்டும்.

தோல் வளையத்தில் இல்லாத புதிய தொல்லைகளும் உண்டு. கன்னின் தள்ளுதட்டு குழாயைவிடச் சிறியது, பிஸ்டனின் நடுவை மட்டுமே அழுத்தும். நடுப்பகுதி வளைந்து விளிம்பை உள்ளிழுத்தால் பசை பின்னால் வழியும். எனவே தள்ளும் விசையே விளிம்பை வெளிப்புறமாக விரிக்கும்படி பின்பக்கக் குழிவை அமைக்கிறார்கள். பிஸ்டன் சாயாமலிருக்க முன்னொரு உதடும் பின்னொரு தாங்குவிளிம்பும் தேவை. நிரப்பும்போது பசைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே காற்று சிக்கினால், விசையை விட்ட பிறகும் அது விரிந்து பசையை ஒழுகவிடும். பிஸ்டன் முகத்தின் வடிவம் குழாயின் தோள்பகுதியோடு பொருந்தாவிட்டால் கடைசியில் பசை வீணாகும்.

இன்சுலின் பேனா பயன்படுத்துவோர் இந்த நெகிழ்வின் மறுபக்கத்தை அறிவார்கள். 1985இல் நோவோபென் என்ற பேனா வந்தது முதல், கார்ட்ரிட்ஜின் ரப்பர் பிஸ்டனே மருந்தளவைத் தீர்மானிக்கிறது. அழுத்தியபின் சில நொடிகள் ஊசியைத் தோலுக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அழுத்தத்தில் சுருங்கிய ரப்பர் தன் நிலைக்குத் திரும்பவும், மெல்லிய ஊசி வழியே மருந்து முழுதும் இறங்கவும் நேரம் பிடிக்கிறது.

குளிர் இன்னும் கடினமான சோதனை. விமான எரிபொருள் தொட்டிகளுக்கான பாலிசல்ஃபைட் சீலன்ட்டின் இரு கூறுகளையும் முன்கூட்டியே கலந்து, இறுகிவிடாதபடி உறையவைத்துக் கார்ட்ரிட்ஜ்களில் அனுப்புவதுண்டு. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாலிஎதிலீன் பிஸ்டன் 70 பாகை குளிர்ந்தால் தோராயமாக அரை மில்லிமீட்டர் சுருங்கும். குழாய் அலுமினியமாக இருந்தால் அது அதில் சிறு பங்கே சுருங்கும், உதடு சுவரை விட்டு விலகும். குழாயும் பாலிஎதிலீனாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகச் சுருங்கி ஒன்றாக விரியும். அப்போதும் குளிரில் விறைத்த உதடு விரைந்து திரும்பாது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் அழிந்ததற்குக் குளிரில் மீள்திறன் இழந்த ஒரு ரப்பர் வளையம் காரணமாயிற்று. உறைந்த கார்ட்ரிட்ஜை அவசரப்படாமல் முழுதும் உருகவிட்டபிறகே கன்னில் மாட்ட வேண்டும் என்று பட்டறைகளில் வலியுறுத்துவதற்கு, உறைந்த பசையோடு உறைந்த உதடும் ஒரு காரணம்.