பதிப்பு

நீலகிரியின் அவலாஞ்சிச் சோலை ஈரமண்ணில் காட்டெருமையின் குளம்பு பதிகிறது. கிளையை வளைத்து மண்ணில் பதித்தால் அது பதியம். நகையில் கல் பதிக்கிறோம். இந்தப் 'பதி' என்னும் வினை தந்த பெயரே பதிப்பு. எழுத்தைத் தாளில் அழுத்திப் பதிய வைத்ததைக் குறித்த சொல், பிறகு ஒருவர் பாடம் பார்த்து நிலைப்படுத்திய நூல் வடிவத்தையும் குறித்தது. அச்சிடுவது இயந்திரத்தின் வேலை. பதிப்பு அறிவின் வேலை. அதனால்தான் மறுஅச்சும் மறுபதிப்பும் ஒன்றல்ல.

பழைய புத்தகத்துக்கு விலை சொல்பவர் முதலில் பார்ப்பது இந்த வேறுபாட்டைத்தான். உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த சீவக சிந்தாமணி 1887இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 1907இல். படிப்பவருக்குத் திருத்தமான பின்பதிப்பே உதவும் என்பேன். சேகரிப்பவர் தேடுவதோ முதற்பதிப்பை. பழைய முகப்புத்தாளில் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் வேண்டும்: சர்வசித்து 1887இலும் வந்தது, 1947இலும் வந்தது. தாள், எழுத்துரு, அச்சுக்கூடத்தின் பெயர் மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நீலகிரிச் செடிகளைப் பற்றி ராபர்ட் வைட் சென்னையில் வெளியிட்ட 'ஸ்பிசிலேகியம் நீல்கெரென்ஸ்' (1846–51) போன்ற நூலில் ஆண்டு மட்டும் போதாது. அதன் உயிர் வண்ணப் படத்தாள்களில் இருக்கிறது. அவற்றை உருவித் தனித்தனியே விற்பவர்கள் உண்டு. ஆகவே இரண்டு தொகுதிகளிலும் படங்களை எண்ணிப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.