போலீஸ் ரேடியோவுக்குப் போட்ட பூட்டு

போலீஸ் ரேடியோவைக் கேட்கிற பழக்கம் ரொம்பப் பழசுங்க. 1938-ல் நியூயார்க் புகைப்படக்காரர் வீஜீ, தன் காரிலேயே போலீஸ் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். கொலை நடந்த இடத்துக்குச் சில சமயம் போலீசுக்கு முன்னாடியே போய் நிற்பாராம்!

அப்புறம் டிஜிட்டல் வந்தது. 1989-ல் தொடங்கிய ப்ராஜெக்ட் 25 முயற்சியில் அமெரிக்காவுக்கென்று ஒரு பொதுத் தரம் உருவானது. பழைய ஸ்கேனரில் அலைவரிசையைத் தட்டினால் போதும். பல நகரங்களின் புது அமைப்பு அப்படி இல்லை. கட்டுப்பாட்டு சேனல் ஒன்று, 'இந்தக் குழு இப்போ இந்த அலைவரிசையில் பேசுது' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஸ்கேனர் உடனே அங்கே தாவணும். அதனால் கட்டுப்பாட்டு சேனலையும் குழு எண்களையும் நாம் ஏற்றி வைக்கணும். நான் அங்கே இருந்தப்போ முதல் தடவை இதைச் செய்ய ஒரு ராத்திரி முழுக்கப் போச்சு. ஆனா கடைசியில் குரல் கேட்டது.

2023 ஜூலையில் நியூயார்க் போலீஸ், புரூக்ளினின் சில சேனல்களை டிஜிட்டலாக்கி, சங்கேதப் பூட்டும் போட்டது. சாவி இல்லாமல் அதை எந்த ஸ்கேனரும் திறக்காது. குற்றவாளிகளும் கேட்கிறார்களே என்பது போலீஸ் வாதம். நியாயம்தான். ஆனா பத்திரிகைக்காரங்க காதும் சேர்ந்து அடைஞ்சு போச்சு.

டிஜிட்டல் ஆனதால்தான் கேட்கலைன்னு பலர் நினைக்கிறாங்க. இல்லீங்க, டிஜிட்டல் வேற, பூட்டு வேற. பூட்டணும்னு முடிவெடுத்தது மனுஷங்கதான்.