சேர்க்கை: ஒரு சொல், இரண்டு கணக்கு

மேட்டூர் அணையைப் பற்றிய செய்தியில் நீர்வரத்து ஒரு வரியில் வரும், நீர் இருப்பு அடுத்த வரியில் வரும். முன்னது விநாடிக்கு இத்தனை கன அடி, பின்னது இத்தனை டி.எம்.சி. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் இரண்டுக்கும் ‘சேர்க்கை’ என்ற ஒரே சொல்லைப் புழங்குகிறோம். இந்த ஆண்டு புதிதாக இடம் பெற்றவர்களும் சேர்க்கைதான். இந்த ஆண்டு அங்கே பயில்கிற எல்லோரும் சேர்க்கைதான். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. இருந்தும், பொது நிதியியலில் பெயர் பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை மாணவர் எண்ணிக்கையால் ஒப்பிடுவோர் இதே குழியில்தான் விழுகிறார்கள். வரத்தையும் இருப்பையும் பிரித்தறிவது பொது நிதியியலின் அரிச்சுவடி. பற்றாக்குறை ஓட்டம், கடன் இருப்பு என்பதே அதன் முதல் பாடம்.

அமெரிக்கக் கல்விப் புள்ளியியல் தேசிய மையம் ஐபெட்ஸ் என்ற ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்துகிறது. அதன் இலையுதிர்காலக் கணக்கு, நிறுவனம் வைத்துக்கொண்ட அதிகாரபூர்வ நாளின் நிலவரத்தையோ அக்டோபர் 15ஆம் நாள் நிலவரத்தையோ காட்டும். அது இருப்புக் கணக்கு. இருப்பு என்பது வரத்தை மட்டுமல்ல, தங்கும் காலத்தையும் பொறுத்தது. சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் ஸ்கூல் தன் பொது நிர்வாக முதுகலையை ஏறக்குறைய ஓராண்டில் முடித்துவிடுகிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஓநீல் ஸ்கூலில் அது இரண்டாண்டுப் படிப்பு. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஓராண்டுப் படிப்பில் ஆண்டுக்கு 120 பேர் சேர்கிறார்கள், ஈராண்டுப் படிப்பில் 80 பேர். அக்டோபரில் தலையெண்ணினால் முதலாவதில் 120, இரண்டாவதில் 160. பட்டம் பெற்று வெளியேறுவோர் 120, 80. ஒரு கணக்கில் முக்கால் பங்காகத் தெரியும் நிறுவனம் மறு கணக்கில் ஒன்றரை மடங்காகிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, கேள்விதான் மாறியிருக்கிறது.

பகுதிநேர மாணவர்கள் இதை இன்னும் சிக்கலாக்குகிறார்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் வந்து படிப்பவர்கள் இத்துறையில் ஏராளம். பல்கலைக்கழகங்கள் பரவலாகப் பின்பற்றும் பொதுத் தரவுப் படிவம் பகுதிநேர மாணவர் மூவரை முழுநேர மாணவர் ஒருவராக எடுத்துக்கொள்கிறது. ஐபெட்ஸின் பன்னிரண்டு மாதக் கணக்கோ பதிவுசெய்த மதிப்பலகுகளைக் கூட்டி, முதுகலை நிலையில் 24 பருவ மதிப்பலகுகளுக்கு ஒருவர் என்று வகுக்கிறது. இரண்டும் ‘முழுநேரச் சமன்’ என்ற ஒரே பெயரைத்தான் தலைப்பில் போடுகின்றன.

அடுத்த சிக்கல் பாத்திரத்தைப் பற்றியது: எதற்குள் இருப்பவர்களை எண்ணுகிறோம் என்பது. 1924இல் தோன்றிய மேக்ஸ்வெல் ஸ்கூலுக்குள் பொது நிர்வாகம் மட்டுமல்ல, வரலாறு, அரசியல், பொருளியல், மானிடவியல் என்று சிராக்கியூஸின் சமூக அறிவியல் துறைகள் எல்லாமே இருக்கின்றன. உள்நாட்டுப் போரைப் பற்றிக் கட்டுரை எழுதும் இளங்கலை மாணவரும் மேக்ஸ்வெல் மாணவரே. 1972இல் பொது, சுற்றுச்சூழல் விவகாரங்களுக்கான ஸ்கூலாகத் தொடங்கி, 2019இல் முன்னாள் நிதியமைச்சர் பால் ஓநீலின் பெயரைத் தாங்கிய இந்தியானா நிறுவனத்தில், பெயருக்கேற்பச் சுற்றுச்சூழல் அறிவியல் படிப்போரும் உண்டு. பெரிய இளங்கலைப் பிரிவும் உண்டு. இவற்றின் மொத்தத் தலைகளை அடுத்தடுத்து வைத்து, ‘பொது நிதியியலில் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் மாணவர் எண்ணிக்கை’ என்று தலைப்பிடுவது, கல்யாண மண்டபத்துக்குள் வந்த எல்லோரையும் எண்ணி மாப்பிள்ளை வீட்டார் இத்தனை பேர் என்பது போன்றது.

அப்படியானால் துறைவாரியாக எண்ணலாமே என்று கேட்கலாம். அங்கேதான் வகைப்பாட்டு எண்கள் குறுக்கே நிற்கின்றன. அமெரிக்கப் பாடநெறி வகைப்பாட்டில் பொது நிர்வாகம் 44 என்ற தொகுதியில், 44.0401 என்ற எண்ணோடு இருக்கிறது. ‘பொது நிதி’ என்ற பெயரிலேயே ஓர் எண் உண்டு: 52.0808. ஆனால் 52 வணிக மேலாண்மைக்குரிய தொகுதி. தமிழில் எழுதுகிறவனுக்கு இது சற்றுச் சிரிப்பூட்டும். பொது நிர்வாக முதுகலையின் ஆங்கிலச் சுருக்கத்தையும் வணிக நிர்வாக முதுகலையின் சுருக்கத்தையும் நம் எழுத்தில் ‘எம்.பி.ஏ.’ என்றுதான் எழுத முடியும். நம் எழுத்துக்கு நேர்ந்த குழப்பம் அவர்களுடைய எண்ணுக்கும் நேர்ந்திருக்கிறது. பொது நிர்வாக முதுகலையில் பொது நிதியைச் சிறப்புப் பிரிவாக எடுத்தவர் பெரும்பாலும் 44.0401இன் கீழ்தான் பட்டம் பெறுகிறார். அவருடைய சிறப்புப் பிரிவு எந்த எண்ணிலும் தெரியாது. ஐபெட்ஸ் பயில்வோரைத் துறைவாரியாகக் கேட்கும் வழக்கமோ இரட்டைப்படை ஆண்டுகளில், கல்வியியல், பொறியியல், சட்டம், வணிகம் போன்ற சில துறைகளுக்கு மட்டும்தான். 44ஆம் தொகுதி அந்தப் பட்டியலில் இல்லை.

தரவரிசை இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. யு.எஸ். நியூஸ் இதழ் வெளியிடும் பொது விவகாரப் பள்ளிகளின் வரிசை முழுக்க முழுக்கச் சக நிறுவனங்களின் தலைவர்கள் தரும் மதிப்பீட்டால் அமைவது. பொது நிதி, வரவுசெலவுத் திட்டம் என்ற சிறப்புப் பிரிவின் வரிசையும் அவர்களுடைய பரிந்துரைகளால்தான் உருவாகிறது. மாணவர் எண்ணிக்கைக்கு அதில் இடமே இல்லை. அதனால்தான் இந்தியானா, சிராக்கியூஸ் போன்ற பெரிய நிறுவனங்களுக்குப் பக்கத்தில் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ஸ்கூல் என்ற சிறிய நிறுவனம் அப்பிரிவில் பல ஆண்டுகள் முன்வரிசையில் இருக்க முடிந்தது. இதைக் கொண்டு தரவரிசை தவறென்று நான் சொல்லவில்லை. தரவரிசைக்கும் தலைக்கணக்குக்கும் உறவு உண்டு என்று ஊகித்து இரண்டையும் ஒரே அட்டவணையில் போடுவதுதான் தவறு.

பொருளியல் துறைகளைத் தேடிப் போனால் பெயரே மாறிவிடுகிறது. ரிச்சர்ட் மஸ்கிரேவ் 1959இல் தம் பெருநூலை எழுதியபோது இது பொது நிதியியல். இன்று பெர்க்லியிலும் ஹார்வர்டிலும் பெரும்பாலோர் இதைப் பொதுத்துறைப் பொருளியல் என்கிறார்கள். முனைவர் பட்டத்துக்கு வருபவர் பொருளியல் துறையில்தான் பதிவுசெய்கிறார். முதலாண்டின் பொதுப் பாடங்களைக் கடந்த பிறகே தம் சிறப்புப் புலத்தைத் தேர்கிறார். சேரும் நாளில் பொது நிதியியல் மாணவர் என்று அங்கே எவரும் இல்லை. இதற்கு நேர்மாறாக, டோக்கியோவில் உள்ள கிரிப்ஸ் என்னும் தேசியக் கொள்கை ஆய்வுப் பட்டமேற்படிப்பு நிறுவனம், வளரும் நாடுகளின் வரி, சுங்க அலுவலர்களுக்கு ‘பொது நிதித் திட்டம்’ என்ற பெயரிலேயே படிப்பு நடத்துகிறது. அங்கே எண்ணுவது எளிது, எண்ணிக்கையும் சிறிது. நம் பக்கத்து எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. இராஜா செல்லையா 1976இல் முதல் இயக்குநராக இருந்து உருவாக்கிய, டெல்லியிலுள்ள பொது நிதி, கொள்கைக்கான தேசிய நிறுவனம் மாணவர் கூட்டத்தால் பெயர் பெற்றதல்ல. 1991இல் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக வந்தவர் அத்தகைய நிறுவனத்தை வளர்த்தவர்தான்.

எண்ணிக்கையால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள்கொள்ள வேண்டாம். பொது நிர்வாகப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் நாஸ்பா அமைப்பு, ஒரு படிப்புக்குக் குறைந்தது ஐந்து முழுநேர ஆசிரியர்களாவது வேண்டும் என்கிறது. ஐந்து பேர் இருக்கும் இடத்தில் நிதிக்கென்று ஒருவரோ இருவரோ கிடைப்பார்கள். அவர்கள் கட்டாயப் பாடமான வரவுசெலவுத் திட்டத்தை நடத்துவார்கள். வரிக் கொள்கை, நகராட்சிக் கடன்பத்திரம், அரசுக் கணக்கியல், செலவு–பயன் ஆய்வு ஆகியவற்றைத் தனித்தனி விருப்பப் பாடங்களாக ஆண்டுதோறும் நடத்த மாணவர் திரள் வேண்டும். நான்கு பேருக்காகக் கடன்பத்திர வகுப்பை எந்த நிர்வாகமும் நீண்ட நாள் நடத்தாது. ஆகவே அளவு ஒரு வாசற்படி. அதைத் தாண்டிய பிறகு 200, 400 என்ற வேறுபாடு பெரிதாக எதையும் சொல்வதில்லை என்பது என் கருத்து.

தலைகளை விட்டுவிட்டு இருக்கைகளை எண்ணலாம் என்பது என் பரிந்துரை. அதிலும் இரண்டாவது பாடத்தின் இருக்கைகளை. முதல் நிதிப் பாடம் கட்டாயம் என்பதால் அதை எல்லோரும் எடுப்பார்கள், அது எதையும் பிரித்துக் காட்டாது. அதற்கு மேல் தாமாக விரும்பி இன்னொரு நிதிப் பாடத்தில் அமர்பவரே பொது நிதியியல் மாணவர். பல அரசுப் பல்கலைக்கழகங்களின் வகுப்பு அட்டவணைகளில் ஒவ்வொரு வகுப்புக்கும் உரிய இடங்களும் நிரம்பிய இடங்களும் பொதுவெளியிலேயே கிடைக்கின்றன. தனியார் பல்கலைக்கழகங்களில் இது எளிதல்ல. சிராக்கியூஸ் தனியார் நிறுவனம் என்பதால் இந்தியானாவோடு அதை ஒப்பிடுவோர் அதன் பதிவாளர் அலுவலகத்தையே கேட்க வேண்டியிருக்கும். ஒரே மாணவர் மூன்று விருப்பப் பாடங்களில் அமர்ந்தால் மூன்று இருக்கையாகத் தெரிவார் என்ற குறையும் இந்த முறைக்கு உண்டு. ஆசிரியர் ஒருவர் ஆய்வு விடுப்பில் போனால் அந்த ஆண்டு எண்ணிக்கை சரியும். அதனால் ஒற்றை ஆண்டை எடுக்காமல், ஐந்தாண்டுச் சராசரியோடு ஒவ்வொரு பாடமும் அந்த ஐந்தில் எத்தனை ஆண்டுகள் நடந்தது என்பதையும் சேர்த்தே பதிய வேண்டும்.