கரடி வேட்டை: வழிகாட்டி மடக்கிய விலங்கைச் சுடுவது வீரமா?

குழந்தைகள் கட்டிப்பிடித்துத் தூங்கும் 'டெடி' கரடி பொம்மையை அறியாத வீடு அரிது. அந்தப் பொம்மைக்குப் பெயர் கிடைத்தது ஒரு வேட்டையிலிருந்து என்பதும், அந்த வேட்டையின் உண்மையான நாயகன் அடிமையாகப் பிறந்த ஒரு கறுப்பின வழிகாட்டி என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி. அமெரிக்கக் கருங்கரடி வேட்டையின் வரலாற்றைப் புரட்டினால், ஒரு கேள்வி நூறாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து வருவதைக் காணலாம். வழிகாட்டியும் அவருடைய நாய்களும் மடக்கிக் கொடுத்த விலங்கைச் சுடுவதில் என்ன வீரம் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி.

மரத்தில் கட்டப்பட்ட கரடி

1902ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அப்போதைய அமெரிக்க அதிபர் தியோடர் ரூசவெல்ட் மிசிசிப்பி மாநிலத்திற்குக் கரடி வேட்டைக்கு வந்தார். அவருக்கு வழிகாட்ட ஹோல்ட் காலியர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1840களில் அடிமையாகப் பிறந்த காலியர், 10 வயதிலேயே முதல் கரடியைச் சுட்டவர். வாழ்நாளில் 3,000க்கும் மேற்பட்ட கரடிகளைக் கொன்றவர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு.

நாய்களைக் கொண்டு கரடியை விரட்டி, அதிபர் காத்திருக்கும் இடத்திற்கே வரவழைப்பது காலியரின் திட்டம். ஆனால், நெடுநேரம் காத்திருந்த ரூசவெல்ட் உணவுக்காக முகாமிற்குத் திரும்பிவிட்டார். அந்த நேரத்தில்தான் கரடி வந்தது. சூழ்ந்துகொண்ட நாய்களில் ஒன்றை அது கொன்றது. சுட்டுவிட்டால் காலியரின் வேலை நொடியில் முடிந்திருக்கும். ஆனால், அது அதிபருக்கான கரடி ஆயிற்றே! துப்பாக்கியின் அடிக்கட்டையால் அதன் தலையில் அடித்து, கயிற்றை வீசிக் கழுத்தில் மாட்டி, உயிரோடு மரத்தில் கட்டினார்.

திரும்பி வந்த ரூசவெல்ட், கட்டப்பட்ட விலங்கைச் சுட மறுத்துவிட்டார். இரு நாள் கழித்து, நவம்பர் 16ஆம் தேதி, 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் கிளிஃபர்ட் பெரிமன் வரைந்த கேலிச்சித்திரம் இந்தச் செய்தியை நாடெங்கும் பரப்பியது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டம் துணிக் கரடி ஒன்றைச் செய்து, அதிபரின் செல்லப் பெயரான 'டெடி'யைச் சூட்டி விற்கத் தொடங்கினார்.

கதையின் மறுபாதியைப் பொம்மை சொல்வதில்லை. அந்தக் கரடி உயிர் பிழைக்கவில்லை. காயத்தால் தவித்த அதன் துன்பத்தை முடிக்குமாறு அதிபரே கூற, கத்தியால் குத்திக் கொல்லப்பட்டது.

வழிகாட்டி ஏன் தேவைப்பட்டார்?

கருங்கரடிக்கு மோப்ப சக்தி மிக அதிகம். மனித வாடை பட்டாலே ஒதுங்கிவிடும். வெளியூரிலிருந்து வருபவர் வாரக்கணக்கில் காட்டில் அலைந்தாலும் அதைக் காண்பது கடினம். ஆனால், நாய்கள் துரத்தினால் அது மரத்தில் ஏறிக்கொள்ளும். கீழே நாய்கள் குரைக்கும் தொனியை வைத்தே என்ன நடக்கிறது என்பதைத் தேர்ந்த வழிகாட்டி புரிந்துகொள்வார்.

ஆண்டு முழுவதும் நாய்களுக்குத் தீனி போட்டுப் பழக்குவது, தடம் பார்ப்பது, குதிரைகளையும் கூடாரத்தையும் கவனிப்பது, கடைசியில் தோலை உரிப்பது என எல்லாமே வழிகாட்டியின் பொறுப்பு. பணம் கொடுத்து வந்தவரின் பங்கு பெரும்பாலும் அந்தக் கடைசி ஒரு நிமிடம்தான். படத்தில் கரடியோடு நிற்பவரோ அவர்தான்!

கொலராடோ மலைகளில்

மிசிசிப்பியில் வெறுங்கையோடு திரும்பிய ரூசவெல்ட், 1905ஆம் ஆண்டு ஏப்ரலில் ராக்கி மலைத்தொடரில் உள்ள கொலராடோவிற்குச் சென்றார். ஜான் காஃப், ஜேக் போரா என்ற இரு புகழ்பெற்ற வழிகாட்டிகள் தங்கள் நாய்க் கூட்டங்களோடு அவருக்குத் துணை நின்றனர். மலையில் பனி இன்னும் உருகி முடியவில்லை. குளிர்காலம் முழுவதும் உறங்கிய கரடிகள் வளையை விட்டு வெளியே வரத் தொடங்கியிருந்த பருவம் அது. அதிபரின் செயலாளர் கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு தங்கும் விடுதியில் இருந்தபடி அரசாங்க அலுவல்களைக் கவனித்துக்கொண்டார்.

இம்முறை அந்தக் குழு 10 கரடிகளைச் சுட்டது. நாய்க் கூட்டத்தில் இருந்த 'ஸ்கிப்' என்ற குட்டை நாய் அதிபருக்கு மிகவும் பிடித்துப்போய், அவரோடு வெள்ளை மாளிகைக்கே குடிபெயர்ந்தது.

கட்டப்பட்ட கரடியைச் சுட மறுத்தவர், நாய்கள் மடக்கிய கரடிகளைச் சுடும் வேட்டைக்கு எப்படிச் சென்றார் என்ற கேள்வி எழலாம். ரூசவெல்ட் 1887ஆம் ஆண்டில் நண்பர்களோடு தொடங்கிய 'பூன் அண்ட் கிராக்கெட்' சங்கம், தப்பிக்க வாய்ப்புள்ள விலங்கை வேட்டையாடுவதே நியாயம் என்ற கொள்கையைப் பரப்பியது. கயிற்றில் கட்டிய கரடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. காட்டில் ஓடும் கரடிக்கு உண்டு. அன்றைய வேட்டைக்காரர்கள் கோடு கிழித்த இடம் அதுதான்.

கோடு நகர்ந்தது

அதே கொலராடோவில் 1992ஆம் ஆண்டு நவம்பரில் அந்தக் கோடு நகர்ந்தது. வசந்த காலத்தில் கரடி வேட்டையாடுவது, நாய்களைப் பயன்படுத்துவது, இரை வைத்து வரவழைப்பது ஆகிய மூன்றையும் தடை செய்யும் திட்டம் பொது வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் அதை ஆதரித்தனர். கரடிக்குட்டிகள் கடுங்குளிரில் வளைக்குள் பிறப்பவை. வசந்தத்தில் தாய் சுடப்பட்டால் சில மாதக் குட்டிகள் பசியால் மடியும். இந்த வாதம் மக்கள் மனத்தைத் தொட்டது. 1994இல் ஓரிகனும் 1996இல் வாஷிங்டன் மாநிலமும் நாய்களுக்கும் இரைக்கும் தடை விதித்தன.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. மேய்ன் மாநிலத்தில் 2004, 2014 ஆகிய இரண்டு வாக்கெடுப்புகளிலும் இத்தகைய தடை தோல்வியுற்றது. அடர்ந்த காட்டில் இரை வைக்காமல் கரடியைக் காண்பதே அரிது, வேட்டை குறைந்தால் கரடிகள் பெருகி ஊருக்குள் நுழையும் என்று அங்கு வாதிடப்பட்டது. வெளியூர் வேட்டைக்காரர்களை நம்பிப் பிழைக்கும் சிற்றூர் வழிகாட்டிகளின் வருமானமும் சிறிய விஷயமல்ல. வழிகாட்டிகளுக்கு அரசாங்க உரிமம் வழங்கும் முறையை 1897ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்த மாநிலம் அது. அந்த முதல் உரிமத்தைப் பெற்றவர் கார்னீலியா கிராஸ்பி என்ற பெண்மணி என்பது குறிப்பிடத்தக்கது.

தடை வந்ததால் கொலராடோவில் வழிகாட்டித் தொழில் அழிந்துவிடவில்லை. கரடி வேட்டை இலையுதிர் காலத்திற்கு மாறியது. குளிர்கால உறக்கத்திற்கு முன் உடலைப் பெருக்கக் கரடிகள் கருவாலிக் கொட்டைகளையும் காட்டுப் பழங்களையும் தேடி அலையும். எந்தச் சரிவில் எப்போது பழம் பழுக்கும் என்பதை அறிந்து, உயரமான இடத்தில் அமர்ந்து தொலைநோக்கியால் தேடுவது இப்போதைய முறை. நாயின் மூக்கு செய்த வேலையை வழிகாட்டியின் கண்ணும் பொறுமையும் செய்ய வேண்டியதாயிற்று.

ரூசவெல்ட் சுட மறுத்த அந்தக் கரடியின் இனமோ, காடுகள் விளைநிலங்களாகியதால் அருகிப்போய், 1992ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்க்கப்பட்டது. எண்ணிக்கை தேறியதும் 2016இல் அதிலிருந்து நீக்கப்பட்டது. 2024 டிசம்பரில் லூசியானா மாநிலம், 30 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, மிகக் குறைந்த எண்ணிக்கையில் அதன் வேட்டைக்கு அனுமதி அளித்தது. எது நியாயமான வேட்டை என்ற வாதமும் கூடவே உயிர்பெற்றது.

ஹோல்ட் காலியர் 1936ஆம் ஆண்டு காலமானார். அவர் மறைந்து 68 ஆண்டுகள் கழித்து, 2004இல், மிசிசிப்பியில் ஒரு தேசிய வனவிலங்குப் புகலிடத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சுட மறுத்த அதிபரின் பெயர் சில மாதங்களிலேயே பொம்மைக்கு வந்துவிட்டது. அந்தக் கரடியைத் தனி ஆளாகப் பிடித்துக் கட்டியவரின் பெயர் ஒரு காட்டுக்கு வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.