மூணு பைட்டில் ஓடுன டேப்

1963 டிசம்பர் 7, ஃபிலடெல்ஃபியா. அமெரிக்க ராணுவ, கடற்படை அகாடமி அணிகளோட ஃபுட்பால் மேட்ச். சிபிஎஸ் டைரக்டர் டோனி வெர்னா, இப்போ நடந்த ஆட்டத்தை உடனே திரும்பக் காட்டப் பார்க்கிறார். ரெக்கார்டர், ஃப்ரிட்ஜை விடப் பெருசு. பட்டனை அமுக்கினதும் படம் வராது, டேப் வேகம் பிடிக்கச் சில செகண்ட் ஆகும். இடத்தைக் கண்டுபிடிக்க டேப்பிலேயே பீப் சத்தம் பதியவெச்சார். கடைசி குவார்ட்டரில்தான் ஒரே ஒரு டச்டவுன் ரீப்ளே ஆச்சு!

அப்போ எந்தப் படம் ஏர்ல போகணும்னு முடிவு பண்ற ஸ்விட்சர் தனி, டேப் மெஷின் தனி. நடுவில் இருந்தது மனுஷக் குரல். டைரக்டர் இண்டர்காமில் 'ரோல்' சொல்லணும், ஆபரேட்டர் அமுக்கணும், காத்திருந்து கட் பண்ணணும். ஒருத்தர் தூங்கினா கதை முடிஞ்சது.

பின்னாடி வந்த சோனி 9-பின் புரோட்டோகால் அந்தக் குரலை வயருக்குள்ள அடைச்சிடுச்சு. ஆர்எஸ்-422, நொடிக்கு 38,400 பிட். ப்ளே-க்கு மூணே பைட்: ஹெக்ஸில் 20, 01, 21. அந்த 21 செக்சம். முதல் ரெண்டையும் கூட்டிப் பாருங்க. டேப் என்னவோ மெதுவாதான் கிளம்புச்சு. அதனால முதலில் ப்ளே கமாண்ட், ப்ரீ-ரோல் நேரம் கழிச்சு கட்.

இன்னிக்கு ஏடெம் ஸ்விட்சர், ஹைப்பர்டெக் ரெக்கார்டரை நெட்வொர்க் வழியா ஓட்டுது. சுத்துறதுக்கு டேப்பே இல்லை. ஆனா செட்டிங்கைத் திறந்தா, க்ளிப் டிலே எத்தனை ஃப்ரேம்னு இன்னும் கேட்குது.